கடைசித் திட்டி

மழை பெய்தால் எங்கள் வீட்டு வளவுக்கு மட்டும் இரண்டு மழை. ஒன்று வானத்திலிருந்து வரும். மற்றது கூடப் பிறந்த சுபைறா ராத்தாவின் வளவிலிருந்து வரும்.

இரண்டு வளவும் ஒரே காணிதான். நடுவில் ஒரு தகர வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் என் இடுப்புக்கு உயர்ந்து நிற்கும்; இந்தப் பக்கம் பள்ளத்தில் நாங்கள். அங்கே விழுகிற தண்ணீர் அங்கே நிற்காது. தகரத்துக்குக் கீழால் நுழைந்து, எங்கள் கிணற்றடியைச் சுற்றி, குசினி வாசலில் வந்து தேங்கும். வரும்போது ராத்தாவின் முற்றத்து ரோசா இதழ்களையும் கூட்டிக்கொண்டு வரும்.

"பாத்தியா ஹாஜறா, ராத்தா பூ அனுப்பியிரிக்கா" என்பார் வாப்பா.

வாப்பாவுக்கு எல்லாம் பகிடி. நான் விளக்குமாற்றால் அந்த இதழ்களைத் தள்ளுவேன். ஈரத்தில் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு போகாது. காலால் தேய்ப்பேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். ஒரு மகள் கலியாணம் முடித்தால், இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இன்னொரு வீட்டைக் கட்டிப் போவார்கள். அந்த வீடு அடுத்தவளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். ராத்தாவின் கலியாணத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வேலியைத் தாண்டினோம். அடுத்த நாள் காலையில் பழைய ஞாபகத்தில் நேரே உள்ளே போய்விட்டேன். "தட்டிப்போட்டு வாகா" என்றாள் ராத்தா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் நான் பிறந்த வீட்டுக் கதவு அது.

அவளுக்கு எல்லாம் முதலில் கிடைத்தது. வீடு முதலில். படிப்பு முதலில். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் அவளுக்கு இடம் கிடைத்தபோது அவளுடைய மகள் அம்ஹா பால்குடிப் பிள்ளை. யார் பார்ப்பது? நான் ஓ.எல். சோதனை எழுத வேண்டிய வருஷம். "கொஞ்ச நாளைக்குத்தான் மகள்" என்றார் உம்மா. அந்தக் கொஞ்ச நாள் முடிந்தபோது என் கூட்டாளிகள் எல்லாம் ஏ.எல். வகுப்பில் இருந்தார்கள். ராத்தா சரித்திர ரீச்சர் ஆனாள். நான் அம்ஹாவின் சாச்சி ஆனேன். ரோட்டில் ராத்தாவைக் கண்டால் பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்கி ஸலாம் சொல்வார்கள். பக்கத்தில் நடக்கிற என்னை அவளுடைய பையைத் தூக்கி வருகிற ஆளென்று நினைப்பார்கள். உண்மையில் பையும் என் கையில்தான் இருக்கும்.

ராத்தாவின் வளவை உயர்த்தியது கிறவல், சிவப்புச் சரளை மண். சம்மாந்துறையைத் தாண்டி, வயல் வட்டைகள் முடிந்து நிலம் மேடாகிற இடத்தில், உம்மாவின் சீதனக் காணிக்குள் ஒரு பழைய கிறவல் குழி கிடக்கிறது. கரையோர ரோட்டைப் போட வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டத் தொடங்கின குழி என்று சொல்வார்கள். மண் வெட்டுகிற பெக்கோ மெசின் இல்லாத காலம். பிக்காசு, கூடை, மாட்டு வண்டி. குழிக்குள் இறங்குகிற சரிவில் வண்டிச் சில்லு தேய்த்த இரண்டு வாய்க்கால்கள் இன்னும் இருக்கின்றன. சிவப்புச் சுவர்களில் பிக்காசு கொத்தின தடங்கள் மீன் செதில் மாதிரி வரிசையாக இருக்கும். மாரியில் அடியில் தண்ணீர் நின்று ஆம்பல் பூக்கும். கோடையில் மாடு படுக்கும்.

குழிக்கு நடுவில் இரண்டு திட்டிகள் நின்றன. அந்தக் காலத்தில் வெட்டுகிற ஒவ்வொரு கூட்டமும் தங்கள் பங்குக்கு நடுவில் ஒரு திட்டியை வெட்டாமல் விட்டுவைக்கும். சுற்றி எல்லாம் ஆழமாகப் போக, அது மட்டும் பழைய நிலத்துப் புல்லைத் தலையில் வைத்துக்கொண்டு தனியே நிற்கும். வேலையைக் கணக்கெடுக்கிற ஓவசியர் வந்து அதன் தலையிலிருந்து அடிவரைக்கும் கயிறு விட்டு, எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக் கூலி போடுவார். அதனால் அதற்குச் சாட்சித் திட்டி என்று பெயர். அளந்த பிறகு அதையும் வெட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் குழியில் கடைசிக் கூட்டங்கள் இரண்டும் ஏனோ வெட்டாமல் விட்டுப் போயிருந்தன. தென்னையில் பாதி உயரம். ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு அகலம்.

முதல் திட்டியை ராத்தாவின் கலியாணத்துக்கு முந்தின கோடையில் வாப்பா வெட்டினார். பெட்டி பெட்டியாக உழவு மெசினில் வந்து இறங்கியது. அதற்கு மேல்தான் ராத்தா நிற்கிறாள்.

போன மாரியில் சபூறா மாமி எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். அவருடைய மகன் நளீம் கல்முனையில் மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் நிற்கிறவர். பேச்செல்லாம் முடிந்து வீடு பார்க்கிறது மட்டும்தான் மிச்சம். எங்கள் பக்கத்தில் பெண்ணை ஒரு தரம் பார்த்தால் வீட்டை மூன்று தரம் பார்ப்பார்கள். மகன் வந்து இருக்கப் போகிற இடம் அல்லவா?

அன்றைக்கென்று விடாத மழை. படலையிலிருந்து வாசல்வரைக்கும் தண்ணீர். நான் சன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நளீம் ஆட்டோவிலிருந்து இறங்கினார், தண்ணீரைப் பார்த்தார், காற்சட்டையை மடித்துவிட்டார். மதிலோரம் கிடந்த சீமெந்துக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீருக்குள் வைத்து, அவருடைய உம்மாவைக் கையில் பிடித்து நடத்திக் கூட்டிவந்தார். ஒரு கல் ஆடியது. அதைத் தன் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப வைங்க உம்மா, ஆடாது" என்றார். 

எனக்கு அந்த ஆள்தான் வேணும் என்று நான் அந்தச் சன்னலடியிலேயே முடிவெடுத்துவிட்டேன். அதற்கு முன் நான் எதையும் அப்படி வேணுமென்று நினைத்ததில்லை. நினைத்தாலும் அது ராத்தாவிடம் இருக்கும்.

மாமி தேத்தண்ணி குடித்தார். என்னிடம் பெயர் கேட்டார், ஓதினதைக் கேட்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார்.

"புள்ள தங்கம். வீடும் பரவால்ல. ஆனா முகைதீன்பாவா, எங்கிட மகன் நீச்சல் பழகல்லயே."

எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பகிடி ஒரு பக்கம் கெடக்கட்டும்" என்றார் மாமி. "வளவ நிரப்பிப்போட்டுச் சொல்லியனுப்புங்க. ஹஜ்ஜுப் பெருநாள் மட்டும் நாங்க பாத்திருப்பம். அதுக்குப் பொறகு நான் வாக்குத் தரமாட்டன். இன்னொரு எடமும் கேட்டு வந்திரிக்கி."

போகும்போது கல்லில் நின்றபடி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அது ஆர்ர வீடு?"

"மூத்தவட" என்றார் உம்மா.

"மாஷா அல்லாஹ். வளவெண்டா அது வளவு."

கண்ணூறு படுகிற அளவுக்குச் சொன்னார். பட்டால் படட்டும் என்று நினைத்தேன்.

அன்று வாப்பா என் தலையைத் தடவி, "என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிரிக்காய்? மற்றத் திட்டி நிக்கிதுதானே. உனக்கெண்டுதான் அது இவ்வளவு காலமும் நிக்கிது" என்றார். கிறவலை வெளியில் வாங்க எங்களுக்கு வசதியில்லை. சொந்தக் காணியில் சொந்தத் தேவைக்கு எடுக்க வாப்பா அலைந்து திரிந்து பேமிட் எடுத்துவிட்டார். கோடை வந்து குழி காய வேண்டும். அவ்வளவுதான்.

குழி காயும்வரைக்கும் அந்த இரண்டு மாதமும் திட்டியை நினைத்துக்கொண்டுதான் படுத்து எழும்பினேன். உலகத்தில் எனக்கென்று ஒன்று இருக்கிறது, அதில் ராத்தாவுக்குப் பங்கில்லை என்று ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிக்குள்ளும் அவள் வந்தாள்.

பங்குனி தொடக்கத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு வேலிப் படலையால் வந்து குசினிக் குத்தியில் குந்தினாள். பள்ளிக்கூடத்துச் சாரியைக் கூட மாற்றவில்லை. வாப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் மாவரித்துக்கொண்டிருந்தேன்.

"வாப்பா, அந்தத் திட்டிய வெட்டாதீங்க."

வாப்பா வெற்றிலையை மென்றுகொண்டே அவளைப் பார்த்தார். "ஏன்? அதில முட்டை கிட்டை இட்டு வெச்சிரிக்கியா?"

"பகிடி உடாதீங்க வாப்பா. போன வருஷம் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளக் குழிக்குக் கூட்டிப் போனனே, அதக் கேள்விப்பட்டு பல்கலைக்கழகத்தில இருந்து ஒரு சேர் வந்து பாத்தாரு. பழைய குழிகள், பழைய ரோட்டுகள் எல்லாம் வரைபடத்தில குறிக்கிறாங்களாம். இந்தப் பக்கத்தில சாட்சித் திட்டி நிக்கிற குழி வேற அவர் காணல்லயாம்."

"மண்ணுதானே மகள்."

"மண்ணுதான். ஆனா அந்தக் குழி முழுக்க ஒரு காலம் மேடு வாப்பா. அது எவ்வளவு உசரத்தில நிண்டதெண்டு சொல்றத்துக்கு அந்தத் திட்டிர தலை மட்டும்தான் மிச்சம். எத்தனை மனிசர் கையால வெட்டின? அவங்கட பேர் எங்கயாவது இரிக்கா?"

"கல்முனைக்குப் போற ரோட்டு இரிக்கிதானே. நீ ஒவ்வொரு நாளும் அதிலதான் போறாய். அது காணாதா?" என்றார் வாப்பா. பிறகு அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல புள்ள. ஓவசியர் வாறத்துக்கு முந்தின நாள் வேற எடத்துப் புல்லுக் கட்டிய வெட்டிக் கொண்டந்து திட்டிர தலையில அடுக்கிருவாங்களாம். திட்டி உசந்தாக் கூலி கூடும். பக்கத்துக் கூட்டம் அதப் பாத்து எரிஞ்சி, போய்ச் சொல்லிக் குடுத்திரும். ஓவசியர் கம்பியால குத்திப் பாப்பாராம்."

ராத்தா சிரித்தாள். அந்தக் கதையை நாளைக்கே வகுப்பில் சொல்லப் போகிறாள் என்று அவள் கண்ணில் தெரிந்தது. எனக்குப் பக்கத்துக் கூட்டத்தின் எரிச்சல்தான் விளங்கியது.

"அப்ப தங்கச்சிர வளவு?" உம்மா கேட்டார்.

"வேற வழி பாப்பம் உம்மா. கொஞ்சம் பொறுத்து..."

"ஹஜ்ஜுப் பெருநாள் பொறுக்குமா?" என்றார் உம்மா.

ராத்தா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் அரிதட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். மா மேலேயும் கீழேயும் பறந்தது. வாயில் வந்ததை நான் சொல்லவில்லை. எனக்கு ஆட்களுக்கு முன்னால் பேச வராது. வீட்டு ஆட்களானாலும் சரி.

அவள் வேலிப் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகு வாப்பா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "அவ சொல்றதிலயும் ஒரு ஞாயம் இரிக்கி. என்ன செய்ற? சனிக்கிழமை வெட்டத்தான் வேணும்" என்றார்.

ஒரு ஞாயம் இரிக்கி! என் கலியாணம் ஒரு பக்கம், ஒரு மண் குவியல் ஒரு பக்கம். அதிலும் அவள் பக்கத்தில் ஞாயம் இருந்தது. என்னைப் பார்க்க ஒருவர் வந்தார், தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார். மண்ணைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருகிறது.

சனிக்கிழமை நானும் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அது வெட்டுப்படுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். வாப்பா உழவு மெசினில் முன்னால் போக, நான் பின்னால் பூட்டின பெட்டிக்குள் இருந்தேன். அறுவடை முடிந்த வட்டையில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. பெக்கோ எங்களுக்கு முன்னரே வந்து குழிக்குள் இறங்கியிருந்தது. பெக்கோக்கார றவூப் காக்கா அதன் நிழலில் இருந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தார்.

ராத்தாவும் வந்திருந்தாள்.

வான் வண்டி ஒன்றில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளைச் சீருடையும் பர்தாவுமாகப் பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். வெட்டப் போகிறார்களென்று தெரிந்து, கடைசியாகக் காட்ட வந்தாளாம். தடுக்க வரவில்லையாம். திட்டியின் அடியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பேசும்போது கையை அதன் மேல் வைத்திருந்தாள், மாட்டைத் தடவுகிற மாதிரி. திட்டியின் தலையில் கிளாப் பற்றை பூத்திருந்தது. சுவரில் குருவிப் பொந்துகள். ஒரு பிள்ளை, "ரீச்சர், அப்ப நாங்க இப்ப நிக்கிற எடம் அந்தக் காலத்தில மண்ணுக்குள்ளயா?" என்று கேட்டது. "ஓம், மண்ணுக்குள்ள நிண்டுதான் கதைக்கிறம்" என்றாள் ராத்தா. பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து பார்த்தன. நானும் பார்த்துவிட்டேன். பார்த்ததும் எனக்கு ஆத்திரம் கூடியது. அந்த வயதில் நான் அம்ஹாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் அண்ணாந்து பார்க்கச் சொல்லவில்லை.

"ரீச்சரம்மா, தள்ளி நில்லுங்க" என்றார் றவூப் காக்கா. எஞ்சின் உறுமியது.

ராத்தா பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தினாள். திரும்பி வாப்பாவிடம் வந்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. "வாப்பா, ஒண்டே ஒண்டுதான் மிச்சம். இதும் போனா ஒண்டுமில்ல."

வாப்பா தலையைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், றவூப் காக்காவுக்குக் கையைக் காட்டினார், கொஞ்சம் பொறு என்று.

வாப்பா இளகிவிட்டார். அவள் கண்ணைக் கலக்கினால் அவர் எப்போதும் இளகுவார்.

நான் எப்படி வாயைத் திறந்தேன் என்று எனக்குத் தெரியாது. 

"மற்றதுக்கு என்ன நடந்த ராத்தா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"என்ன?"

"ரெண்டு திட்டி நிண்ட. ஒண்டு எங்க?" பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவர்களைப் பாராமல் சொன்னேன். "உங்கட வளவுக்குக் கீழ கெடக்கு. அத வெட்டக்குள்ள நீங்க அழல்ல. ரோசாக் கண்டு வெச்சீங்க."

"அப்ப எனக்கு இதொண்டும் தெரியாது ஹாஜறா."

"இப்ப தெரியும்தானே. இதக் காப்பாத்தத்தான் வேணுமெண்டா, உங்கட வளவில இரிக்கிறதில பாதியக் குடுங்க. எனக்கு அது போதும்."

அவள் மாட்டேன் என்பாள் என்று எனக்கு நிச்சயம். யார்தான் கொடுப்பார்கள்? அவள் மாட்டேன் என்று அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அவர்களுடைய ரீச்சருக்கு மண் மேல் இருக்கிற பாசம் எதுவரைக்கும் என்று அவர்கள் பார்க்க வேண்டும். பிறகு பெக்கோ திட்டியில் கொத்த வேண்டும். எனக்கு வளவைவிட அந்தக் காட்சிதான் அப்போது வேண்டியிருந்தது.

ராத்தா திட்டியிலிருந்து கையை எடுத்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். திட்டியைப் பார்த்தாள். பர்தா நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி" என்றாள்.

"என்ன சரி?" என்றார் வாப்பா.

"என்ட வளவ வெட்டுங்க. ரெண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வாங்க."

பிள்ளைகள் கைதட்டின. உண்மையாகவே கைதட்டின. குழிச் சுவரில் பட்டு அந்தச் சத்தம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. பொந்துக் குருவிகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

"எனக்கு ஒரு எடத்தச் சொல்லுங்கப்பா" என்று கத்தினார் றவூப் காக்கா. "டீசல் எரியிது!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் தகர வேலியைக் கழற்றினார்கள். பெக்கோ ராத்தாவின் வளவுக்குள் ஏறியது. ஸஹீத் மச்சான், ராத்தாவின் புருஷன், கந்தோருக்குப் போகிற மனிசர், சத்தமாகப் பேசாதவர், சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தார்.

"சுபைறா, நீ ஊருக்குச் சரித்திரம் படிப்பிக்கிற சரி. என்ட வீட்டையே சரித்திரமாக்கப் போறியா?"

"தங்கச்சிர வாழ்க்கை மச்சான்."

"அவட வாழ்க்கைக்கு என்ட கக்கூசுக் குழியில ஏன் பெக்கோவ உடுறாய்?"

றவூப் காக்கா கக்கூசுக் குழியைச் சுற்றி வெட்டினார். வீட்டைச் சுற்றியும் வெட்டினார். அத்திவாரத்துக்குப் பக்கத்தில் கை வைக்கவில்லை. வெட்டி முடிந்தபோது வீடு மட்டும் பழைய உயரத்தில் நின்றது, முற்றம் எல்லாம் கீழே இறங்கியிருந்தது. மச்சான் இடுப்பில் கையை வைத்துப் பார்த்தார்.

"சரி. இப்ப என்ட வீடும் ஒரு சாட்சித் திட்டி. ஓவசியர் வந்து கயிறு விடட்டும்."

வாப்பா சிரித்து வெற்றிலைச் சாறு சட்டையில் வடிந்தது.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தா எப்போது அழுவாள் என்று. அவளுடைய ரோசாக் கண்டுகளை அவளே பிடுங்கிப் பெயின்ற் வாளிகளுக்குள் வைத்தாள். அழவில்லை. பத்து வருஷமாகக் கூட்டிப் பெருக்கின முற்றம் எங்கள் பள்ளத்துக்குள் கொட்டுப்பட்டது. அழவில்லை. பகலாகும்போது அவள் வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். இப்போதுதான் என்று நினைத்து நானும் பின்னால் போனேன். அங்கே அவள் அம்ஹாவைப் பக்கத்தில் குந்தவைத்து, பெக்கோ ஒரு மூலையில் ஆழமாக வெட்டிவிட்ட மண்சுவரைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கீழ வெள்ளையாத் தெரியிறது எங்கிட கடல் மணல். அதுக்கு மேல இந்தச் செகப்பு எங்க இருந்து வந்த, சொல்லுங்க பாப்பம்?"

"குழியில இருந்து!" என்றாள் அம்ஹா. என்னைக் கண்டுவிட்டு, "சாச்சி, இஞ்ச வாங்க, எங்கிட வீட்டுக்குக் கீழ ஒரு மலை இரிக்கி!" என்று கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. கொடுத்தும் அவளிடம் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. எடுத்தும் எனக்குப் போதவில்லை. 

ஒரு கிழமைக்குள் எங்கள் வளவு வாசற்படிவரைக்கும் உயர்ந்துவிட்டது. ராத்தாவின் வாசலில் மேசன் இரண்டு படி கூட்டிக் கட்டினார். அதில் ஏறி நின்றால் வீடு முந்தியைவிட எடுப்பாகத் தெரிந்தது. அந்தப் படியில் அவள் அந்தியில் வந்து இருக்க, ரோட்டால் போகிறவர்கள் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோயிருந்தன. மீன் வாங்கப் போன இடத்தில் உம்மாவிடம் ஒரு பெண், "உங்கிட மூத்தவக்கு என்ன மனசுகா! கூடப் பிறந்தவளுக்காக வளவையே வெட்டிக் குடுத்தாவாமே" என்றாளாம். உம்மா அதை வீட்டில் வந்து மூன்று தரம் சொன்னார். பல்கலைக்கழகத்துச் சேர் வந்து திட்டியோடு ராத்தாவை நிறுத்திப் படம் எடுத்தார். வாப்பா அதைத் தன் ஃபோனில் வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடையில் காட்டித் திரிந்தார்.

பாதி என்று கேட்டது நான். அந்தக் கணக்கு என் வாயில் வந்தது. அதை யாரும் சொல்லவில்லை. 

நோன்பு முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடக்க, சபூறா மாமி வந்தார். நல்ல வெயில். ஆனாலும் வரும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு, புது நிலத்தில் காலை ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். பின்னால் நளீம். மதிலோரம் அடுக்கியிருந்த அந்தச் சீமெந்துக் கற்களைப் பார்த்துவிட்டு, சன்னலைப் பார்த்தார். நான் விலக்கின சீலையை இழுத்து மூடவில்லை. அவரும் பார்வையை எடுக்கவில்லை. காதுவரைக்கும் எனக்குச் சூடேறியது.

அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு யார் மேலும் ஒரு எரிச்சலும் இருக்கவில்லை.

நான் சுட்ட பணியாரத் தட்டை மாமிக்கு முன்னால் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நல்லாரிக்கி. ஆர் சுட்ட?"

"ஹாஜறாதான்" என்றார் உம்மா.

"நிலமும் நல்லாரிக்கி. கேள்விப்பட்டன் எல்லாம். நெஞ்சு குளிர்ந்து போச்சி. இந்தக் காலத்தில ஆரு இப்பிடிக் குடுப்பாங்க? நான் நளீமிட்டயும் சொன்ன, அந்த ராத்தாட தங்கச்சியெண்டா கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாமெண்டு."

உம்மா கண்ணைத் துடைத்தார். வாப்பா தொண்டையைக் கனைத்தார். என் கையில் தேத்தண்ணித் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"நான் கேட்டுத்தான் குடுத்தாங்க மாமி" என்றேன்.

உம்மாவின் முகம் கறுத்தது. நளீம் தலையை நிமிர்த்தினார். மாமி பணியாரத்தை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். அன்றுதான் என்னை முதல் தரம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"நீ கேட்டியா?"

"ஓம். பாதிய வெட்டித் தாங்கெண்டு நான்தான் கேட்ட. எல்லாருக்கும் முன்னால கேட்ட."

"ஊமைப் புள்ளையெண்டல்லோ சொன்னாங்க" என்றார் மாமி. மிச்சப் பணியாரத்தையும் வாயில் போட்டார். பிறகு சிரித்தார். "கேக்கிற லேசி மகள். குடுக்கிறதுதான் கஷ்டம். சரி, நாள் பாப்பம். போய் ராத்தாவையும் கூட்டி வா. அவ இல்லாம என்ன பேச்சு?"

கேட்கிறது லேசு என்று யார் அவருக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. நளீமைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், நான் சொன்னது தனக்கு விளங்கியது என்கிற மாதிரி. அல்லது பணியாரம் நல்லாயிருக்கிறது என்பதற்கோ என்னவோ. நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன்.

வெளியே இறங்கிப் போனேன். வேலி நின்ற இடத்தில் கால் தடக்கவில்லை. புதுப் படியில் ஏறினேன். ராத்தா உள்ளே சாரி மடித்துக்கொண்டிருந்தாள். நல்ல சாரி, மாமிக்கு முன்னால் உடுக்கவென்று எடுத்து வைத்திருந்தாள், அது அவளுக்கு வடிவாகத்தான் இருக்கும், எல்லாரும் அவளைத்தான் பார்ப்பார்கள். 

கதவு திறந்துதான் கிடந்தது. தட்டாமல் உள்ளே போய், "ராத்தா, உங்கள வரட்டாம்" என்றேன். "வேற சாரி உடுங்க."